வினிகர் தரம்பார்த்தல்: முடிவுப்புள்ளியில் பி.எச். 7 வராமல் 8.7 காட்டுகிறது, ஏன்?

கேட்பவர் (அல்சூர், பெங்களூரு): பி.யூ. (பிளஸ் டூ நிலை) மாணவர்களுக்கான செய்முறை. 4% என்று லேபிள் போட்ட வினிகரைப் பத்து மடங்கு நீர்த்து, அதில் 20 மி.லி. எடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கிறோம் (அமிலம் தீரும்வரை காரத்தைச் சொட்டி அளவு காண்கிறோம்). நிறங்காட்டியான ஃபினால்ப்தலீன் 13.3 மி.லி.யில் இளஞ்சிவப்பாகிறது. இன்னொரு நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சோ 4 மி.லி.யிலேயே மஞ்சளாகிவிடுகிறது. 13.3-இல் பி.எச். மீட்டர் 8.7 காட்டுகிறது. மீட்டர் பழுதா? இளஞ்சிவப்பும் ஓரிரு நிமிடத்தில் மங்கிவிடுகிறது.

பியூரெட் (பதில் தருபவரின் புனைபெயர்): மீட்டர் நல்லாத்தான் இருக்கு சார். அந்த இடத்தில் குடுவையில் மிஞ்சுவது சுமார் 0.04 மோலார் சோடியம் அசிட்டேட். அசிட்டேட் அயனி தண்ணீரிடமிருந்து புரோட்டானைப் பிடுங்க, ஹைட்ராக்சைடு வெளியே வருகிறது. அசிட்டேட்டின் கார மாறிலி (கார வலிமையின் அளவு) 5.6×10⁻¹⁰, கணக்குப் போட்டாலும் 8.7 தான். ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் மிஞ்சுவது சாப்பாட்டு உப்பு, அது 7-ஐ ஒட்டி நிற்கும்.

மெத்தில் ஆரஞ்சின் நிறமாற்றம் பி.எச். 3.1 முதல் 4.4 வரை. வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலத்தில் பாதி தீர்ந்திருக்கும்போது உள்ள பி.எச்.) 4.76. ஆக 4.4-ஐத் தொடும்போது அமிலத்தில் 30 சதவீதம்தான் தீர்ந்திருக்கும், 13.3-இல் 30 சதவீதம் 4 மி.லி., உங்கள் அளவேதான். வினிகருக்கு அதைத் தொடவே வேண்டாம். 13.3 மி.லி.யை வைத்துப் பார்த்தால் லேபிளின் 4% சரி.

சோடா உப்பு (இன்னொரு பதிலாளர்): நிறம் மங்குவது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால். 30 விநாடி நின்றால் போதும், அதற்கு மேல் சொட்டு விடாதீர்கள்.

காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசல் கலங்கலாக இருக்கிறதா? போர்வெல் தண்ணீரில் கரைத்திருந்தால் அப்படி ஆகும். கால்சியமும் மெக்னீசியமும் வீழ்படிவாகும். குடுவையை அதில் கழுவினாலும் பைகார்பனேட் கொஞ்சம் அமிலத்தைத் தின்றுவிடும், செல்லும் காரத்தின் அளவு குறையும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான். ஆக்சாலிக் அமில டைஹைட்ரேட் 1.575 கிராமை 250 மி.லி.யாக்கி காரத்தைச் சரிபாருங்கள்: அதில் 20 மி.லி.க்கு 20.0 மி.லி. காரம் செல்ல வேண்டும்.

கேட்பவர்: கலங்கல் இருக்கிறது, புதிதாகக் கரைக்கிறேன். அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும்போது?

பியூரெட்: அங்கே தலைகீழ். மிஞ்சுவது அம்மோனியம் குளோரைடு, 0.1 மோலாரில் பி.எச். 5.1. மெத்தில் ரெட் என்ற நிறங்காட்டியைப் போடுங்கள், மெத்தில் ஆரஞ்சும் ஓடும். ஃபினால்ப்தலீன் போட்டால் முடிவுப்புள்ளிக்கு முன்பே நிறம் மெல்ல மங்கிப் போய்விடும்.