இரண்டு டிக்கெட்டில் ஒரே பயணம்: கோவிட் நேரத்தில் சரிவருமா?

(2021இல் நடந்த உரையாடல். இதில் வரும் கோவிட் கால விதிகள் இப்போது நடைமுறையில் இல்லை.)

நீள்வானம்:
அமெரிக்காவுக்கு நேர் டிக்கெட் விலை தாங்கவில்லை என்று பலர் பயணத்தை இரண்டாக உடைக்கிறார்கள். நடுவில் ஓர் ஊர்வரை ஒரு நிறுவனத்தில் டிக்கெட், அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். சாதாரண நாட்களில் இதை நான் எதிர்த்ததே இல்லை. கோவிட் காரணமாகப் பல நாடுகள் வெளிநாட்டவரை உள்ளே விடாத இப்போது வேண்டாம் என்கிறேன். முன்பெல்லாம் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததை விட்டுவிடுவோமே என்ற கவலை மட்டும்தான் இருந்தது. இப்போது முதல் விமானத்திலேயே ஏற்றுவார்களா என்பது தெரியாது. செக்-இன் கவுன்டரில் இருப்பவர் கையில் இருப்பது அவருடைய நிறுவனத்தின் டிக்கெட். அதன்படி உங்கள் பயணம் நடுவிலுள்ள ஊரோடு முடிகிறது, நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழையப்போகிறவர். அந்த நாடு வெளிநாட்டவரை விடவில்லை என்றால் போர்டிங் பாஸ் கிடைக்காது. நுழைய அனுமதி இல்லாதவரை ஏற்றிச்சென்றால் திருப்பிக் கொண்டுவருவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு, பல நாடுகளில் அபராதமும் உண்டு. அவர் ஏன் உங்களுக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டும்?

கடலோடி:
இரண்டாவது டிக்கெட்டையும் காட்டினால் போகிறது! அவர்கள் விதிகளைப் பார்ப்பது டிமாட்டிக்கில், அதாவது விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நடத்தும் நுழைவு விதித் தொகுப்பில். இறுதியாகப் போகும் நாட்டையும் மாறும் ஊரையும் கொடுத்தே அதில் தேடலாம். பெட்டி எதுவும் போடாமல் கைப்பையோடு போனால், அதை நடுவில் எடுத்து மறுபடி போடுவதற்காக இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டிய அவசியமே வராது. அப்புறம் ஒரே டிக்கெட்டைப் பெரிய பாதுகாப்பு என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. என் தங்கை போன ஆண்டு ஒரே டிக்கெட்தான் எடுத்தாள். நடுவில் ஒரு விமானத்தை ரத்து செய்த நிறுவனம், முழுப் பணத்தையும் வவுச்சராக மாற்றிவிட்டது. அவசரத்துக்கு வேறு டிக்கெட் எடுக்கக்கூடக் கையில் பணமில்லாமல் நின்றாள். இரண்டு டிக்கெட் என்றால் பாதிப் பணமாவது நம்மிடம் இருந்திருக்கும்.

நீள்வானம்:
உங்கள் தங்கைக்கு நடந்தது அநியாயம். ஆனால் அவருக்குப் போராட ஒரு பிடி இருந்தது. நிறுவனமே ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2020 ஏப்ரல் 3 அன்று நிறுவனங்களுக்கு மறுபடி நினைவூட்டியது. ஐரோப்பாவின் 261ஆம் விதிப்படி 7 நாளுக்குள் தர வேண்டும், பயணியே சம்மதித்தால்தான் வவுச்சர். இரண்டு டிக்கெட்டில் என்ன ஆகும்? இரண்டாவது விமானம் ரத்தாகிறது, முதல் விமானம் வழக்கம்போலப் பறக்கிறது. போயும் பயனில்லை என்று நீங்கள் ஏறாவிட்டால் முதல் நிறுவனத்தின் கணக்கில் அது நோ-ஷோ, அதாவது நீங்களாகவே வராமல் போனது. பெரும்பாலும் ரீஃபண்ட் கேட்க வழியில்லை.

சன்னலோரம்:
கைப்பையோடு போனால் போதும் என்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பெட்டி மட்டுமே பிரச்சினை இல்லை, இரண்டாவது போர்டிங் பாஸும் வேண்டும். ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக இப்போது பல நிறுவனங்கள் இணைய செக்-இன்னைத் தருவதில்லை. ட்ரான்சிட் பகுதிக்குள், அதாவது இமிக்ரேஷனைத் தாண்டாமல் விமானம் மாறும் இடத்துக்குள், அந்த நிறுவனத்துக்கு மேசை இல்லை என்றால் வெளியே போய்த்தான் வாங்க வேண்டும். வெளியே போக உங்களுக்கு அனுமதி கிடையாது. ஐரோப்பா வழி போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: ஷெங்கன் நாடுகளுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) இரண்டு விமான நிலையங்களில் மாறினால், முதல் இடத்திலேயே ஷெங்கனுக்குள் நுழைந்ததாகக் கணக்கு.

விதிகளே டிக்கெட்டைப் பார்த்து எழுதப்படுகின்றன என்பதுதான் இதைவிடப் பெரிய விஷயம். ஹாங்காங் 2020 மார்ச் 25 அன்று ட்ரான்சிட்டை நிறுத்தியது. ஜூன் 1 அன்று மறுபடி திறந்தபோது அவ்வூர் விமான நிறுவனமான கேத்தே பசிபிக் வைத்த நிபந்தனை என்ன? முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும், இடைவெளி 8 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். கைப்பை மட்டும் வைத்திருக்கிறேன் என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

கடலோடி:
அது ஓர் ஊர், அதுவும் தொடக்க மாதங்களில். அதை வைத்து எல்லா இடத்துக்கும் சட்டம் போட முடியாது.

சன்னலோரம்:
சரி, இந்த ஆண்டுக்கே வருகிறேன். 2021 ஜனவரி 26 முதல் அமெரிக்காவுக்குப் பறக்கிற, 2 வயது நிரம்பிய எல்லாரும், அண்மையில் தொற்றிலிருந்து மீண்டதற்குச் சான்று வைத்திருப்பவர்களைத் தவிர, புறப்படுவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் எடுத்த, தொற்று இல்லை என்ற கோவிட் பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும். எந்த விமானம் புறப்படுவதற்கு முன் என்பதைக் கவனியுங்கள். முழுப் பயணமும் ஒரே பயணப் பதிவில் இருந்து, ஒவ்வொரு இடைவெளியும் 24 மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் முதல் விமானத்திலிருந்து எண்ணலாம். தனியாகப் பதிவு செய்திருந்தால் அமெரிக்காவில் இறங்கும் விமானத்திலிருந்துதான் எண்ணுவார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே இப்படிச் சொல்லியிருக்கிறது.

நீள்வானம்:
இதைத்தான் எல்லாரும் ஊன்றிப் படிக்க வேண்டும். தனி டிக்கெட் எடுப்பவர்களுக்கு இத்தனை காலம் நாம் சொன்ன அறிவுரை, நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள் என்பது. இப்போது அந்த ஒரு நாளே காலை வாருகிறது. இடைவெளி நீள நீளப் பரிசோதனை பழசாகிறது, இரவு தங்க வெளியேயும் போக முடியாது. இடைவெளியைக் குறைத்தாலோ தாமதத்தில் விமானம் போய்விடும்.

கடலோடி:
பரிசோதனை விதியைப் பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனாலும் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிப்பதை ஏற்கமாட்டேன். வேலை போய் விசா முடியப்போகிறவர்கள் இருக்கிறார்கள். தாயின் கடைசி நாட்களுக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஊரிலிருந்து ஒரே டிக்கெட்டில் போகும் வழியெல்லாம் நின்றுபோயிருக்கலாம். அவர்களிடம் போகாதே என்று சொல்ல நமக்கு மனம் வருமா? எப்படிப் போவது என்றல்லவா சொல்ல வேண்டும்?

சன்னலோரம்:
அவர்கள் முதலில் ஒரு பயண முகவரிடம் போகட்டும். இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே இன்டர்லைன் ஒப்பந்தம் (ஒன்றின் டிக்கெட்டை இன்னொன்று ஏற்கும் ஏற்பாடு) இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட முடியும். இணையத்தில் தேடும்போது இது பல நேரம் கண்ணில் படாது. விலை கூடத்தான் செய்யும். ஒரு எச்சரிக்கை: ஒரே பதிவு எண்ணுக்குள் இரண்டு டிக்கெட்டைப் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. மேலே சொன்ன பரிசோதனைக் கணக்குக்கு அது உதவலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களை மாற்றி ஏற்ற வேண்டிய கடமை அதனால் வந்துவிடாது. டிக்கெட் எண்கள் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள்.

நீள்வானம்:
அதற்கும் வழியில்லாமல் தனி டிக்கெட்தான் என்றால், பணம் கட்டும் முன் இரண்டு பேரிடம் கேளுங்கள். முதல் நிறுவனத்திடம், இரண்டாவது டிக்கெட்டைக் காட்டினால் என்னை ட்ரான்சிட் பயணியாக ஏற்பீர்களா என்று. பதில் மின்னஞ்சலில் வரட்டும், அதை அச்செடுத்துக் கவுன்டருக்குக் கொண்டுபோங்கள். விமான நிலையத்திடம், இமிக்ரேஷனுக்கு இந்தப் பக்கமே பரிசோதனை செய்துகொள்ள இடம் இருக்கிறதா, முடிவு எத்தனை மணி நேரத்தில் வரும் என்று. பரிசோதனை மையம் வெளியேதான் இருக்கிறது என்று பதில் வந்தால் அந்த ஊர் வழியாகப் போகாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.