நிலத்தடி லூப்புக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் போட வேண்டுமா?

நடுவீட்டுக்காரன் (ஞாயிறு, இரவு 9:12)

கனடாவின் ஒன்ராறியோவில், டொரோண்டோவை அடுத்த மார்க்கம் நகரில் எங்கள் டவுன்ஹவுஸ் தொகுதியில் 64 வீடுகள். எரிவாயு இணைப்பே இல்லை. நிலத்துக்குள் ஆழத் துளையிட்டு இறக்கிய குழாய்களில் சுற்றிவரும் நீர் ஒவ்வொரு வீட்டு பேஸ்மென்டுக்கும் வருகிறது. அங்கே உள்ள ஹீட் பம்ப் குளிர்காலத்தில் அதிலிருந்து சூட்டை எடுக்கும், கோடையில் வீட்டுச் சூட்டை அதற்குள் தள்ளும். ஹீட் பம்பின் மின்சாரம் அவரவர் ஹைட்ரோ பில்லில் வரும். லூப் என்கிற இந்த நிலத்தடிக் குழாய்ச் சுற்று ஓர் எரிசக்தி நிறுவனத்துக்குச் சொந்தம். 30 வருட ஒப்பந்தப்படி கொண்டோ கோர்ப்பரேஷன் (வீட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்த அமைப்பு) அவர்களுக்குக் கட்டும் தொகையையும் பொதுப் பம்புகளின் மின்சாரத்தையும் வீட்டின் சதுர அடிப்படி பிரித்து, மெயின்டெனன்ஸ் கட்டணத்தோடு வாங்குகிறார்கள்.

நானும் மனைவியும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை யாழ்ப்பாணத்தில் நிற்பவர்கள். தெர்மோஸ்டாட்டை 14-இல் வைத்துவிட்டுப் போவோம். ஆனாலும் ஐந்து பேர் இருந்து 23-இல் சூடு காயும் வீடு கட்டும் அதே காசுதான் நாங்களும் கட்டுகிறோம். இப்போது மேலாண்மைக் கம்பனி ஒரு யோசனை சொல்கிறது: வீட்டுக்கு வீடு வெப்ப மீட்டர், சூட்டுக்கும் குளிருக்கும் யூனிட் கணக்கில் பில். அடுத்த மாதம் கூட்டம். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. உங்களுக்கு?

மூலைவீடு (ஞாயிறு, இரவு 9:50)

நானும் அதே மாதிரி ஒரு தொகுதியில்தான் இருக்கிறேன், மூலை வீடு. எனக்கு மூன்று பக்கம் வெளிச்சுவர், உங்களுக்கு இரண்டு பக்கமும் அயல்வீடு. அண்ணை, நீங்கள் 14-இல் வைத்துவிட்டுப் போனால் உங்கள் வீடு 14-க்கு இறங்குமா என்ன? பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் சுவர் வழியாக உங்களுக்குச் சூடு தந்துகொண்டிருப்பார்கள். மீட்டர் வந்தால் அந்தச் சூட்டுக்கு அவர்களுக்குத்தான் பில் வரும், நீங்கள் வெயில் காய்ந்துவிட்டு வந்து சிக்கனப் பேர்வழி என்று பெயர் வாங்குவீர்கள்.

என் மாமியாருக்கு 84 வயது. 21-க்குக் கீழே போனால் மூட்டு வலியில் படுக்க மாட்டார். சுவரைக் கட்டியது பில்டர், அதற்கு நான் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 10:20)

மூலை வீட்டுக்கு யன்னல் கூட, விற்கும்போது விலையும் கூட. சூட்டுக் கணக்கு வரும்போது மட்டும் அது குறையாகிவிடுமா? தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது, மின்சாரத்துக்கு இருக்கிறது. பொதுப் பணத்தில் ஓடும் குழாயை யாரும் மூடுவதில்லை, இது ஊர்க் கிணற்றடியிலேயே பார்த்த விஷயம். அளந்தால்தான் கவனம் வரும்.

குழாய்க்காரன் (ஞாயிறு, இரவு 11:05)

ஊர் கோயம்புத்தூர், இங்கே பதினொரு வருடமாக ஹீட் பம்ப் வேலை. மீட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால், அந்தப் பெட்டி எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மூன்று பாகம். குழாயில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பார்க்கும் அல்ட்ராசோனிக் மானி ஒன்று. உள்ளே வரும் நீரின் வெப்பநிலைக்கு ஒன்றும் திரும்பிப் போகும் நீருக்கு ஒன்றுமாக ஜோடி சென்சார். நீரின் அளவையும் வெப்பநிலை வித்தியாசத்தையும் பெருக்கும் கணிப்பான் ஒன்று. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டிகிரி மாறினால் 1.163 யூனிட் (கிலோவாட் மணி). கணக்கு அவ்வளவுதான்.

சிக்கல் அந்த டிகிரி வித்தியாசத்தில் இருக்கிறது. கொதிகலன் வைத்த கட்டடத்தில் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் இருக்கும். லூப்பில் 3, 4 டிகிரிதான். ஜனவரியில் 4-இல் வந்து 1-இல் திரும்பும். வெப்ப மீட்டருக்கான ஐரோப்பிய இ.என். 1434 தரத்தை ஒட்டித்தான் கனடாவின் சி.எஸ்.ஏ. சி900-உம் இருக்கிறது. குறைந்தபட்ச வித்தியாசம் 3 டிகிரி என்று குறித்த மீட்டரை அதே 3 டிகிரியில் ஓடவிட்டால் அந்தத் தரம் அனுமதிக்கும் பிழை என்ன தெரியுமா? சென்சார் ஜோடிக்கு 3.5 சதவீதம், கணிப்பானுக்கு 1.5, இரண்டாம் வகுப்பு ஓட்டமானிக்கு 2 சொச்சம். மொத்தம் 7 சதவீதம். அதே மீட்டர் 30 டிகிரியில் என்றால் 3.5-க்குள் அடங்கிவிடும். இது ஆய்வகத்தில் புது மீட்டருக்கு. சென்சாரைக் குழாய்க்குள் இறக்காமல் வெளியே பட்டை போட்டுக் கட்டிவிட்டுப் போன இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே 7 என்பது கனவு.

இன்னொன்று: உங்கள் லூப்பில் ஓடுவது வெறும் தண்ணீரா? உறையாமல் இருக்க புரொப்பிலீன் கிளைகோல் கலந்திருந்தால், கால் பங்கு கலப்புக்கே அது சுமக்கும் சூடு தண்ணீரைவிட மூன்று நான்கு சதவீதம் குறையும். தண்ணீருக்கு என்று அமைத்த மீட்டர் அத்தனைக்கும் சேர்த்து எல்லார் தலையிலும் அதிகமாக எழுதும். எந்தக் கலவை, எத்தனை சதவீதம், மீட்டரில் அதை அமைத்தார்களா என்று கூட்டத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கையில் பில் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 7:30)

7 சதவீதம் தப்பாக அளப்பது, அளக்காமலே விடுவதைவிட மேல்தானே? சதுர அடிக் கணக்கில் நடுவீட்டுக்காரருக்கு வரும் தப்பு 50 சதவீதமாகக்கூட இருக்கலாம்.

குழாய்க்காரன் (திங்கள், காலை 8:10)

சரி, அதை ஏற்கிறேன். ஆனால் ஒரே சுவரின் இந்தப் பக்கத்து மீட்டர் கூடவும் அந்தப் பக்கத்து மீட்டர் குறையவும் காட்டினால், இரண்டும் தரத்துக்குள்தான் இருக்கும், உங்களுக்குள் சண்டை மட்டும் நிற்காது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

டோர்ட்முண்ட்_மாமா (திங்கள், காலை 8:40)

யேர்மனியிலிருந்து ஒரு சொல். இங்கே பொதுச் சூட்டுச் செலவைப் பிரிப்பதற்கு 1981-இலிருந்தே சட்டவிதி இருக்கிறது. முழுக்க மீட்டர்படியும் கூடாது, முழுக்கச் சதுர மீட்டர்படியும் கூடாது. 50 முதல் 70 சதவீதம் வரை அளந்த பாவனைக்கு, மிச்சம் பரப்பளவுக்கு. மூலைவீட்டுத் தங்கச்சி சொல்லும் சுவர்க் களவு இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால்தான் அந்த மிச்சத்தை வைத்திருக்கிறார்கள்.

ஹீட் பம்பில் பெரும்பாலும் ஓடும் கட்டடங்களுக்கு முதலில் இந்த விதியிலிருந்து விலக்கு இருந்தது. 2024 அக்டோபர் 1-இலிருந்து அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள், 2025 செப்டெம்பர் 30-க்குள் அளவுக்கருவி பூட்ட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். ஆகவே ஹீட் பம்புக்கு மீட்டர் சரிவராது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது.

மூலைவீடு (திங்கள், மதியம் 12:15)

மாமா, அங்கே கட்டடத்துக்கு ஒரு பெரிய ஹீட் பம்ப், அதன் மின்சாரச் செலவைத்தான் பிரிக்கிறீர்கள். எங்களுக்கு ஹீட் பம்ப் அவரவர் வீட்டில். நான் 23-இல் வைத்தால் கம்ப்ரஸர் கூட ஓடும், அந்த ஹைட்ரோ பில் ஏற்கனவே எனக்குத்தான் வருகிறது. மாலை ஆனால் மின்சார விலை கூடுகிறது என்று நான் மூன்று மணிக்கே வீட்டைச் சூடாக்கி வைக்கிறவள். கணக்குப்பிள்ளை சொல்லும் கவனத்துக்கு ஒரு மீட்டர் சுவரில் இருக்கிறதே.

மிச்சம் இருப்பது துளை போட்ட கடன். அதை நான் சூடு காய்ந்தாலும் காயாவிட்டாலும் 30 வருடம் கட்டத்தான் வேண்டும். அப்படியான செலவை யூனிட் கணக்கில் பிரித்தால் என்ன நடக்கும்? எல்லாரும் பாவனையைக் குறைப்போம், நிறுவனத்துக்குக் கட்டும் தொகை குறையாது, அடுத்த வருடம் யூனிட் விலையைக் கூட்டுவார்கள்.

குழாய்க்காரன் (திங்கள், மாலை 6:45)

இந்த அக்கா பிடித்ததுதான் சரியான நுனி. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது, கணக்காகவே போடுகிறேன், எண்கள் என் உதாரணம்.

ஒரு வீட்டுக்குக் குளிர்காலம் முழுவதும் 12,000 யூனிட் சூடு வேண்டும். நல்ல ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாலு யூனிட் சூடு தரும் என்றால் 3,000 மின்சாரம், 9,000 நிலத்திலிருந்து. காற்று வடிகட்டியை வருடாவருடம் மாற்றாமல் தூசி அடைத்த பம்ப் மூன்றுதான் தரும்: 4,000 மின்சாரம், 8,000 நிலம். லூப் மீட்டர் யாருக்குக் குறைவாக எழுதும்? பராமரிக்காதவருக்கு. ஹைட்ரோ பில் அவரைத் தண்டித்துவிடும் என்பது உண்மை, ஆனால் லூப் பில் அவர் முதுகில் தட்டிக்கொடுக்கும்.

கோடையில் தலைகீழ். 3,000 யூனிட் சூட்டை வீட்டிலிருந்து வெளியேற்றினால் கம்ப்ரஸரின் சூடும் சேர்ந்து 3,600 நிலத்துக்குள் போகும். மீட்டர் 3,600-ஐத்தான் எழுதும். உங்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி 3,000.

அதற்கும் மேலே ஒன்று. இந்த ஊரில் வீடுகளுக்குக் கோடையில் தேவைப்படும் குளிரைவிட பனிக்காலத்தில் தேவைப்படும் சூடு அதிகம். எடுப்பது கூட, திருப்பிப் போடுவது குறைவு. துளைகளைச் சுற்றியுள்ள நிலம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் குளிர்ந்துகொண்டே போகலாம், அதற்கேற்ப எல்லார் பம்பும் கூட மின்சாரம் தின்னும். கோடையில் ஏ.சி. போடுகிறவர் அந்த நிலத்துக்குச் சூடு திருப்பிக் கொடுக்கிறார். அவரிடமும் யூனிட்டுக்குக் காசா? வங்கியில் பணம் எடுக்கிறவரிடமும் கட்டணம், போடுகிறவரிடமும் கட்டணம் என்கிற கதை. கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகக் கோபுரம் என்றால் இதுவே மாறிவிடும், அங்கே குளிர்தான் கூட.

நடுவீட்டுக்காரன் (திங்கள், இரவு 8:30)

தம்பி, அப்படியென்றால் எனக்கு இன்னும் வாதம் கிடைக்கிறது. நான் குளிர்காலத்தில் நிலத்தைத் தொடுவதே குறைவு. கோடை முழுக்க இங்கே நின்று ஏ.சி. போட்டு நிலத்தைச் சூடாக்குகிறேன். எடுத்ததிலிருந்து போட்டதைக் கழித்து மிச்சத்துக்குப் பில் போடச் சொல்லுங்கள். எனக்கு வரவு வைக்க வேண்டியும் வரலாம்!

குழாய்க்காரன் (திங்கள், இரவு 8:55)

வரவு கேட்டு வருவீர்கள் என்று தெரியும் அண்ணா. எத்தனை துளை, எவ்வளவு ஆழம் என்பதைத் தீர்மானிக்கும்போது ஜனவரியின் மிகக் குளிரான நாட்களில் எல்லா வீடும் சேர்ந்து என்ன கேட்கும் என்பதையும் போட்டுத்தான் கணக்கிடுவார்கள். உங்கள் வீட்டுக்கான பங்கு அதில் தோண்டியாகிவிட்டது. நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் அந்தத் துளை அங்கேயேதான் இருக்கிறது.

கொண்டோ_போர்ட்_அனுபவம் (திங்கள், இரவு 10:10)

நான் வேறொரு கோர்ப்பரேஷனில் ஆறு வருடம் போர்டில் இருந்தேன். ஒருவரும் தொடாத இரண்டு விஷயம்.

ஒன்று, சட்டம். பொதுச் செலவை எந்தச் சதவீதத்தில் பிரிப்பது என்பது கொண்டோவின் அடிப்படை ஆவணமான டிக்ளரேஷனில் எழுதியிருக்கும். அதை மாற்றுவதற்கு ஒன்ராறியோ கொண்டோமினியம் சட்டப்படி 90 சதவீத வீடுகளின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். 64 வீட்டில் 58. எங்களுக்கு வாகனத் தரிப்பிடம் பற்றிய கூட்டத்துக்கே அவ்வளவு பேர் வந்ததில்லை. உங்கள் டிக்ளரேஷனில் மீட்டர் போட்டுப் பிரிக்க ஏற்கனவே இடம் விட்டிருக்கிறார்களா என்று முதலில் வக்கீலிடம் கேளுங்கள்.

இரண்டு, மீட்டர் படிக்கும் கம்பனி. வீட்டுக்கு வீடு மின்சாரத்தை அளந்து பில் போடும் சப்-மீட்டர் கம்பனிக்கு ஒன்ராறியோ எரிசக்தி வாரியத்தின் உரிமம் வேண்டும், விதிகள் இருக்கின்றன. வெப்ப மீட்டருக்கு அந்த உரிமம் கிடையாது. பில் பிழை என்றால் யாரிடம் போவீர்கள் என்பது நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இருப்பதுதான். படிக்கவும் பில் அனுப்பவும் வீட்டுக்கு மாதம் 10 டாலர் என்று வைத்தால் வருடத்துக்கு 7,680 டாலர். இதனால் நிறுவனத்துக்குக் கட்டும் தொகை ஒரு சதமும் குறையாது. இருக்கும் செலவைப் பங்கு பிரிக்கவே இன்னொரு செலவு. யோசனை சொன்ன மேலாண்மைக் கம்பனிக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்பதில் தப்பில்லை.

கணக்குப்பிள்ளை (செவ்வாய், காலை 7:15)

நியாயம் இலவசமாக வராது.

கொண்டோ_போர்ட்_அனுபவம் (செவ்வாய், காலை 7:40)

உண்மை. ஆனால் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஃப்ரேமிங்காமில் 2024-இல் எவர்சோர்ஸ் என்ற எரிவாயுக் கம்பனியே தெருவோடு தெருவாக லூப் போட்டது, 36 கட்டடங்கள். அங்கே வீடுகளிடம் லூப்புக்கு மாதம் சுமார் 10 டாலர் நிலைக்கட்டணம்தான் வாங்குகிறார்கள். பைலட் திட்டம், கம்பனியின் பெரிய பணம் பின்னால் இருக்கிறது, அதனால் தொகையை ஒப்பிட வேண்டாம். முறையைப் பாருங்கள். நான் பயப்படுவது பழுதுக்கு. அல்பேர்ட்டாவின் ஒகோடோக்ஸில் 52 வீடுகளுக்குச் சூரியச் சூட்டை நிலத்தில் சேமித்துக் கொடுத்த டிரேக் லாண்டிங் 2007-இல் தொடங்கி நன்றாக ஓடியது. கருவிகள் பழுதாகி, திருத்தும் செலவு தாங்காமல் 2024-இல் மூடிவிட்டார்கள். மீட்டருக்குப் போகும் காசை ரிசர்வ் நிதியில் போட்டாலாவது நாளை ஒரு பம்ப் வாங்க உதவும்.

டோர்ட்முண்ட்_மாமா (செவ்வாய், காலை 9:00)

64 வீட்டுக்கு இது கொஞ்சம் கூடுதல் பயம். எதற்கும் 30 சதவீதம் அளந்து 70 சதவீதம் நிலையாக வைத்துப் பாருங்கள். 50 முதல் 70 என்கிற எங்கள் சட்டம் அங்கே உங்களைக் கட்டுப்படுத்தவில்லைதானே.

மூலைவீடு (செவ்வாய், மதியம் 12:40)

30 சதவீதத்துக்காக 64 மீட்டரா மாமா? கருவி விலையைச் சேர்த்துப் பாருங்கள்.

நடுவீட்டுக்காரன் (புதன், இரவு 9:30)

எல்லாருக்கும் நன்றி. என் மனம் முழுக்க மாறவில்லை. அளக்காமல் பிரிப்பது இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் யூனிட் கணக்குப் பில் என்ற யோசனைக்கு இப்போதைக்கு வாக்குப் போடமாட்டேன். குழாய்க்காரத் தம்பி சொன்னதை வைத்து மேனேஜரிடம் இரண்டு கேள்வி அனுப்பினேன்: லூப்பில் என்ன திரவம், கடந்த மூன்று குளிர்காலமும் நிலத்திலிருந்து வந்த நீரின் வெப்பநிலை என்ன. முதல் கேள்விக்கு “தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன்” என்று பதில். இரண்டாவதற்கு, “அந்தப் பதிவு லூப் நிறுவனத்திடம் இருக்கிறது, ஒப்பந்தப்படி தர வேண்டுமா என்று பார்க்க வேண்டும்.”

மூலைவீடு (புதன், இரவு 9:41)

ஜனவரியில் உறைவதற்கு ஒரு டிகிரி மட்டும் மிச்சமாக 1-இல் திரும்பக்கூடியதை வெறும் தண்ணீர் என்று நினைக்கிறாராமா? கூட்டத்தில் முதல் கேள்வியாக அதையே வையுங்கள் அண்ணை. அந்த வெப்பநிலைப் பதிவு உங்கள் கைக்கு வந்தால் இங்கேயும் போடுங்கள், எங்கள் தொகுதியிலும் கேட்கப் போகிறேன்.