88 வயதில் அயோர்டா வீக்கம்: ஸ்டென்ட் வைக்கலாமா, விட்டுவிடலாமா?

மாம்பலம் ரவி: அப்பாவுக்கு 88 வயது. ப்ராஸ்டேட்டுக்காக ஸ்கேன் எடுக்கப்போன இடத்தில், வயிற்றில் அயோர்டா, அதாவது இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய், 6.1 சென்டிமீட்டர் வீங்கியிருப்பது தெரிந்தது. வலி கிடையாது. தினமும் அயோத்தியா மண்டபம் வரை நடந்துபோய் வருகிறார். தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) வைக்கலாம் என்கிறார் டாக்டர். அண்ணன் சரி என்கிறான், அக்கா வேண்டவே வேண்டாம் என்கிறாள். உங்கள் அனுபவம்?

பெரம்பூர் செல்வி: வேண்டாம் சார். என் மாமியாருக்கு 84 வயதில் வயிற்றைத் திறந்து செய்தார்கள். ரத்தக்குழாய் சரியானது, ஆள் பழையபடி திரும்பவில்லை. ஐசியுவில் 19 நாள். ட்யூபைப் பிடுங்கிவிடக் கூடாதென்று ராத்திரியில் இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து "நீ யாரும்மா?" என்றார்.

அடையாறு வாசு: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது மேடம். ஆனால் அது திறந்த ஆபரேஷன். ரவி கேட்பது, 1990ல் அர்ஜென்டினாவில் டாக்டர் பரோடி செய்துகாட்டிய முறை. வயிற்றைக் கிழிப்பதில்லை, அயோர்டாவைக் கவ்வி ரத்தத்தை நிறுத்துவதுமில்லை. ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர் தாண்டினாலே சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறார்கள். வெடித்தால் பலர் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேருவதில்லை. இந்த ஆபரேஷன்களின் முன்னோடியான அமெரிக்க சர்ஜன் டிபேக்கிக்கே 97 வயதில் அயோர்டா கிழிந்து ஆபரேஷன் நடந்தது. 2008ல், 99 வயதில்தான் இறந்தார்.

பெரம்பூர் செல்வி: முழுசாகச் சொல்லுங்கள். அவர் முதலில் மறுத்தவர். நினைவு தப்பிய பிறகு மனைவி வற்புறுத்தி, நெறிமுறைக் குழு கூடி முடிவெடுத்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐன்ஸ்டீன் 1955ல் வயிற்று அயோர்டா கசிந்தபோது ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி, 76 வயதில் போய்ச்சேர்ந்தார். ஸ்டென்டும் சின்ன விஷயமில்லை. திறந்த ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களை வைத்து பிரிட்டனில் ஈவார்-2 என்று ஒரு ஆய்வு நடந்தது. 2005ல் வந்த முடிவுப்படி, ஸ்டென்ட் வைத்தவர்கள் வைக்காதவர்களைவிட அதிக நாள் இருக்கவில்லை.

அடையாறு வாசு: அவர்கள் ஏற்கெனவே இதயமும் நுரையீரலும் கெட்டவர்கள். ரவியின் அப்பா நடமாடுகிற மனிதர், இரண்டும் ஒன்றல்ல. டிபேக்கியும் பிழைத்தபின், செய்தது நல்லது என்றுதான் சொன்னார். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: ஸ்டென்ட் வைத்தால் கசிவு இருக்கிறதா என்று ஆயுசுக்கும் ஸ்கேன் பார்க்க வேண்டும், ஸ்கேனுக்காக ஏற்றும் சாயம் கிட்னியைப் பாதிக்கலாம். இதயத்துக்கு எக்கோ, கிட்னிக்கு கிரியேட்டினின் பார்த்துவிட்டுப் பேசுங்கள் ரவி.

பெரம்பூர் செல்வி: டாக்டர், அண்ணன், அக்கா சொன்னதெல்லாம் எழுதிவிட்டீர்கள் ரவி சார். அப்பா என்ன சொன்னார்?

மாம்பலம் ரவி: அவரிடம் இன்னும் சொல்லவில்லை மேடம். கேஸ் தொல்லை என்று சொல்லிவைத்திருக்கிறோம். ரிப்போர்ட் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. சாயங்காலம் போய் எடுத்து வருகிறேன்.