மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் படம் வரைய ஏற்ற இடங்கள்: வெளியிலிருந்து வந்து குடியேறிய ஓவியர்களிடம் ஒரு கேள்வி

பாளை ஓவிய ஆசிரியர்:

அன்பர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்து வருகிறேன். மேல்வகுப்பு மாணவர்கள் சிலரை ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, நேரில் பார்த்து நீர்வண்ணத்தில் வரையவைக்க விரும்புகிறேன். இந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டால் செந்தூர்க் கோபுரத்தையும் மணப்பாட்டுக் குன்றையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டும் பிள்ளைகள் நாள்காட்டியில் பார்த்துப் பழகியவை என்பதால், பார்க்காமலே வரைந்துவிடுவார்கள். வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ பிறந்து இந்தக் கரையில் வந்து குடியேறிய ஓவியர் யாரேனும் இங்கே இருந்தால், தாளும் தூரிகையுமாகத் தாங்கள் திரும்பத் திரும்பப் போய் உட்காரும் இடங்களையும், போகும் நேரத்தையும் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

வடமராட்சிக்காரி:

ஐயா, வணக்கம். நான் வல்வெட்டித்துறைப் பக்கம் பிறந்து, போர்க்காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து, இப்போது திருச்செந்தூரில் இருந்து படம் கீறுகிறேன். இடத்தைச் சொல்வதற்கு முன் வெளிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கடல் வடக்கே கிடக்கும். ஆண்டின் பெரும்பகுதியில் கடலைப் பார்த்து நிற்பவரின் முதுகுப்பக்கமாகவே வெயில் வரும் என்பதால், தண்ணீர் நாள் முழுதும் நிறத்தோடு தெரியும். இங்கே கடல் கிழக்கே. விடியலில் சூரியன் கண்ணுக்கு நேரே எழும்புவதால் படகு, ஆள், பாறை எல்லாம் கருநிழலாகி விடுகின்றன. எல்லோரும் போகச் சொல்லும் அந்த நேரம் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உகந்தது. வண்ணம் வேண்டுமென்றால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போக வேண்டும்.

திருச்செந்தூரில் எனக்குப் பிடித்த இடம் கோயில் கரையிலேயே இருக்கிறது. ஆனால் நான் கோபுரத்தைப் பார்த்து உட்காருவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும் நாள்களில் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். அந்தப் பச்சை ஒரே பச்சையாக இருப்பதில்லை. ஈரம் காயக் காய மேல்விளிம்பு மஞ்சளாக வெளுத்துக்கொண்டு வரும், குழிகளில் தேங்கிய நீரின் ஓரம் மட்டும் கரும்பச்சையாகவே நிற்கும். ஒரு பிள்ளையை ஒரே ஒரு பாறையின் முன்னால் உட்காரவைத்தால் போதும்.

மணப்பாட்டில் குன்றின் மேல் ஏறிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். திருச்சிலுவை ஆலயம் 1581இல் கட்டப்பட்டது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியிருந்த குகையும் அங்கேதான் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஆனாலும் படம் கீறுவதற்கு நான் கீழே இறங்கிவிடுவேன். கருமேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டுக்கு உள்பக்கம் தேங்கி நிற்கும் கழியின் ஓரம் அலை இல்லாதது. அங்கே உட்கார்ந்தால் ஊரின் ஆலயங்களும் வீடுகளும் குன்றும் ஒரே பார்வையில் அடங்கும். ஊருக்குள் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். சாயம் ஏற்றிய குருத்தோலைக் கீற்றுகள் காயக் கிடப்பதை எத்தனை முறை கீறினாலும் எனக்கு அலுப்பதில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு உயர்ந்தது குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டுப் பரப்பு. கடலோர ஊரைக் கேட்டால் உள்நாட்டைச் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம், தேரியும் இந்தக் கரையைச் சேர்ந்ததுதான். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு வருகிறது. நம் வண்ணப்பெட்டியில் இருக்கும் காவி நிறங்களும் அதே இரும்பிலிருந்து வந்தவை என்பதால், கலக்காமல் நேரே தாளில் வைத்தாலே மண் வந்துவிடும். சிரமமெல்லாம் நிழலில்தான். அங்கே பனைமர நிழல் ஏறக்குறைய ஊதாவாக விழும். எங்கள் ஊரில் பனங்கூடல் நிறைய உண்டு, ஆயினும் சிவப்பு மணலில் பனையை நான் கண்டது இங்கேதான்.

உடன்குடி அண்ணாச்சி:

அம்மா சொன்ன இடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மாதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆனி தொடங்கி ஆவணி வரை தென்மேற்குக் காற்று இந்தப் பக்கம் மழை தராமல் வெறும் காற்றாகவே வீசும். இந்தக் காற்றுதான் காலங்காலமாக மணலை அள்ளிக் கொட்டித் தேரியை உருவாக்கியது என்பார்கள். அந்த நாள்களில் தேரியில் பலகையை விரித்தால் தாளில் வண்ணத்தைவிட மணல்தான் அதிகம் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்துவிடும். தை, மாசியே பிள்ளைகளோடு போக ஏற்ற காலம். அப்போதும் வெயில் ஏறிய பிறகு மணலில் கால் வைக்க முடியாது. உடைமரங்களின் நிழல் இரண்டு பேருக்குக்கூடப் போதாது என்பதால், தேரியைக் காலையிலேயே முடித்துக்கொண்டு பிற்பகலில் கடலுக்குப் போங்கள். தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் பக்கமே போதுமான மணல் இருக்கிறது, உள்ளே போவதானால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 14ஆம் தேதி மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா, புரட்டாசியில் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா. காளி வேடமும் குறவன் வேடமும் தெரு முழுக்க நடமாடும் தசராவை ஓவியர் பார்க்காமல் இருக்கக்கூடாது, ஆனால் மாணவர்களை அந்தக் கூட்டத்துக்குள் அழைத்துப் போகும் துணிச்சல் எனக்கு வராது.

கடற்கரை ஊர்க்காரன்:

நான் ஓவியன் இல்லை, வரையப்படுகிற ஊரைச் சேர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர் கிழிந்த கண்ணிகளைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் வேலை பார்ப்பார். பாதியில் எழுந்தால் பிடித்த இடம் தவறிப்போகும். அவரைத் திரும்பச் சொல்லாமல், இருக்கிறபடியே வரைய அனுமதி கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஓலை முடையும் அக்காமார் வேலையையும் அப்படியே பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் அவர்கள் வாசலில் உட்காருகிறவர்கள் ஒரு பெட்டியாவது விலைக்கு வாங்கி வருவதுதான் முறை. உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும் உண்டு, ஆனால் பாளையிலிருந்து ஒரே நாளில் அதையும் சேர்த்தால் பிள்ளைகள் பேருந்தில்தான் வரைய வேண்டியிருக்கும்.

பாளை ஓவிய ஆசிரியர்:

மூவருக்கும் மிக்க நன்றி. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலையில் தேரி, பிற்பகலில் மணப்பாட்டுக் கழியோரம் என்று முடிவு செய்கிறேன். சகோதரியிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: கடற்காற்றில் நீர்வண்ணத் தாள் எப்படி நடந்துகொள்கிறது?

வடமராட்சிக்காரி:

காலையில் தேரியில் வண்ணம் பரப்பி முடிப்பதற்குள் காய்ந்துவிடும், மாலையில் கழியோரம் எவ்வளவு நேரமானாலும் காயாது. ஆகவே காலையில் சிறு தாளில் விரைவாகவும், மாலையில் 300 ஜி.எஸ்.எம். என்னும் தடித்த தாளில் ஒரே பூச்சோடும் நிறுத்தச் சொல்லுங்கள். தாளின் நான்கு பக்கமும் கிளிப் வேண்டும். யாராவது ஒரு பிள்ளை கடல்நீரைத் தொட்டு வண்ணம் கலக்காமல் இருக்காது, கலக்கட்டும், உப்பு காய்ந்த இடங்களில் பூப்பூவாகத் தடம் விழுந்து அழகாகவே இருக்கும். அந்தத் தாள்களை மட்டும் தனியாகக் கட்டி எடுத்து வாருங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் மற்றத் தாள்களோடு ஒட்டிப் போகும்.