மஸ்டாங் இறக்கையில் கறுப்பு வாஷ்: கோடுகள் டைல்ஸ் இடுக்கு மாதிரி தெரிகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி: ஞாயிறு மாடலர்

எல்லோருக்கும் வணக்கம். 1/48 அளவில் ஒரு பி-51டி மஸ்டாங், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதனால் மூன்று மாதமாக இழுக்கிறது. உடல் முழுக்க லேக்கர் அலுமினியம் ஏர்பிரஷில் அடித்தேன். காக்பிட்டுக்கு முன்னால், மூக்கின் மேல் மட்டும் மேட் (பளபளப்பில்லாத) ஆலிவ் டிராப், ஒரு பழுப்புப் பச்சை. இதுவரை நன்றாகத்தான் இருந்தது.

நேற்று இரவு பேனல் லைன்களை, அதாவது தகடுகள் இணையும் கோடுகளை, எடுப்பாகக் காட்டலாம் என்று கறுப்பு எனாமலை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து (இதுதான் வாஷ்), இடது இறக்கையிலும் மூக்கிலும் தாராளமாகத் தடவினேன். அரை மணி நேரம் கழித்துத் துடைத்தேன். இறக்கையில் கோடுகள் எல்லாம் ஒரே கனத்தில், கன்னங்கரேலென்று, குளியலறை டைல்ஸ் இடுக்கு மாதிரி நிற்கின்றன. மூக்கின் மேல் பச்சை முழுக்கக் கறை ஏறிவிட்டது, துடைக்கத் துடைக்கப் பரவுகிறது.

வலது இறக்கையை இன்னும் தொடவில்லை. இதைக் காப்பாற்ற முடியுமா? கறுப்புக்குப் பதில் வேறு எந்த நிறம் எடுக்க வேண்டும்? மனசு ஆறவில்லை, யாராவது சொல்லுங்கள்.

பதில்: எழுபத்திரண்டு

மூக்கில் நடந்ததுக்குக் காரணம் மேட் பெயின்ட். அதன் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத உப்புத்தாள் மாதிரி. நிறத்துகள் அந்தச் சொரசொரப்பில் சிக்கிக்கொள்ளும், வெளியே வராது. வாஷுக்கு முன்னால் அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். வழவழப்பான தளத்தில் வாஷ் கோட்டுக்குள் மட்டும் தங்கும், மற்றது ஒரு துடைப்பில் போய்விடும். வேலை முடிந்த பிறகு மேட் வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம்.

மூக்கைத் தேய்த்துக் கெடுக்க வேண்டாம். காயவிட்டு, அதே ஆலிவ் டிராபை மெல்லியதாக மேலே தூவுங்கள். லேசாகத் தெரியும் கறை வெயிலில் வெளுத்த பெயின்ட் மாதிரி அழகாகவே இருக்கும்.

இறக்கையில் எனாமல் இன்னும் இறுகியிருக்காது. காது பட்ஸை டர்பன்டைனில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு இழுங்கள். குறுக்கே வேண்டாம். காற்று ஓடும் திசையில் இழுத்தால் மிச்சம் மீதி இருப்பதும் அழுக்குப் படிந்த மாதிரி இயல்பாகத் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: ஹார்டுவேர் கடையில் சும்மா 'தின்னர்' என்று கேட்டால் என்.சி. தின்னரைக் கொடுத்துவிடுவார்கள். அது பட்டால் பெயின்ட் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கே கரைந்துவிடும்.

பதில்: பழைய ஃபிட்டர்

தம்பி, நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு சங்கதி. நீங்கள் கறுப்படித்த கோடுகளில் பாதி, 1944-இல் தொழிற்சாலையை விட்டு வந்த மஸ்டாங்கில் கண்ணுக்கே தெரியாது.

மஸ்டாங்கின் இறக்கை லேமினார் ஃப்ளோ வடிவம். அதன் மேல் காற்று கலையாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு தகட்டு இணைப்போ ஒரு ரிவெட் தலையோ துருத்தினால் அங்கேயே காற்று கலைந்துவிடும். அதனால் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் சுமார் 40 சதவீதம் வரைக்கும் இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளி நிற லேக்கர் அடித்து அனுப்பினார்கள். உடல் வெறும் உலோகம், இறக்கை பெயின்ட். இன்று விமானக் கண்காட்சிகளில் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட இறக்கையோடு வரும் மஸ்டாங்குகளைப் பார்த்துத்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மாடல் கிட் செய்பவர்களும் அந்தக் கோடுகளை இறக்கை முழுக்கக் கீறி வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. கிட்டில் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். 48-ஆல் பெருக்கினால் 9.6 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தகடு அடித்த விமானம் பறக்குமா? அதனால்தான் கறுப்பு உறுத்துகிறது. கோடு ஏற்கெனவே தடிமன், அதில் நிறமும் அழுத்தமாக இருந்தால் பொம்மையாகிவிடும்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன், மிக்-21-இல் பல வருஷம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாக் கோடும் ஒரே மாதிரி தெரியாது. தினமும் திறந்து மூடுகிற பேனலைச் சுற்றித்தான் அழுக்கு இருக்கும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல், கிரீஸ் கையின் தடம், ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து பின்பக்கம் இழுத்த ஒரு பழுப்புக் கோடு. பக்கத்திலேயே, வருஷத்துக்கு ஒரு தடவை கூடத் திறக்காத பேனலின் விளிம்பை விரல் வைத்துத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைத்தான் மாடலிலும் காட்டப் பார்க்கிறேன். உங்கள் இறக்கையில் அழுத்தமாகத் தெரிய வேண்டியவை: ஃப்ளாப், எய்லரான் இணையும் இடங்கள், துப்பாக்கி அறை மூடியும் தோட்டா மூடியும், பெட்ரோல் மூடி. ஃப்ளாப்பும் எய்லரானும் அசைகிற பாகங்கள், அங்கே உண்மையிலேயே இடைவெளி உண்டு. அங்கே மட்டும் கறுப்புக்குப் பக்கத்தில் போகலாம். முன்பகுதியில் மற்றக் கோடுகளை அடைத்துவிடுங்கள். கோட்டுக்குள் இருக்கும் எனாமலை முதலில் சுத்தமாக எடுத்துவிட்டு, ஊசி முனையில் சூப்பர் குளூ தொட்டு ஓடவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். விட்டால் கல்லாகிவிடும். உப்புத்தாள் 800, பிறகு 1500, தண்ணீர் தொட்டு. மறுபடி அலுமினியம்.

உடலுக்கு நான் எடுப்பது ஆயில் கலர் டியூப்: பர்ன்ட் அம்பரும் கறுப்பும், கொஞ்சம் வெள்ளை. கடுங்காப்பி பதத்துக்கு டர்பன்டைனில் கரைக்க வேண்டும். முழுக்கத் தடவவே கூடாது. இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலையில் மூன்று சைபர் (மிக மெல்லிய) பிரஷின் நுனியால் ஒரு தொடு. கோடு தானே உறிஞ்சி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓடும். நின்ற இடத்தில் அடுத்த தொடு. அது ஓடுவதைப் பார்ப்பதில் எனக்கு இன்றைக்கும் ஆசை தீரவில்லை. வெள்ளை விமானத்துக்கு இளஞ்சாம்பல், பச்சைக்கு அடர்பழுப்பு, இப்படி அடிநிறத்தை விட இரண்டு படி அடர்த்தி போதும்.

சக்கர அறைக்குள் மட்டும் டர்பன்டைனைத் தேங்கவிடாதீர்கள். இழுவிசையில் இருக்கும் வெறும் பிளாஸ்டிக்கில் அது இறங்கினால் விமானத்தின் சக்கரக் கால் ஒடிந்துவிடும்.

பதில்: ஞாயிறு மாடலர்

அண்ணா, இறக்கை விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ரொம்ப நன்றி. இரண்டு இறக்கையிலும் முன்பகுதியை அடைத்துத் தேய்த்து, அலுமினியமும் அடித்துவிட்டேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், தோட்டா மூடி மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. மூக்கும் சரியாகிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். டெக்காலை (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களை) வாஷுக்கு முன்னால் ஒட்டவா, பின்னால் ஒட்டவா?

பதில்: பழைய ஃபிட்டர்

முன்னால். கிளாஸ், டெக்கால், மறுபடி கிளாஸ், அப்புறம் வாஷ். உடலின் பக்கவாட்டு நட்சத்திரச் சின்னத்துக்கு சாஃப்ட்னர் (டெக்காலை இளக்கும் திரவம்) தொட்டு, டெக்கால் கோட்டுக்குள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படியவில்லை என்றால் கோடு நட்சத்திரத்தின் விளிம்பிலேயே நின்றுபோகும், காகிதம் ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். இறக்கையின் மேல்பக்க நட்சத்திரம் இடது பக்கம் மட்டும்தான், வலதில் அடிப்பக்கம். நீங்கள் தேய்த்த இடம் இப்போது வழவழப்பாக இருப்பதால் அங்கே நன்றாக உட்காரும். முடிந்ததும் படம் போடுங்கள்.