மறு: மறு: இடுப்புத்தள தசை: தளர்வா, நெகிழ்வா, இளக்கமா?

எல்லாருக்கும் வணக்கம். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையோட உள்சவ்வு மாதிரித் திசு வெளியில வளர்ற நோய்) இருக்கிற பெண்களுக்கான உடற்பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், மத்ததெல்லாம் முடிஞ்சுது, இந்த ஒரு சொல்லுலதான் நாலு நாளா நிக்குது.

மாசாமாசம் வலியில சுருண்டு படுக்கிறவங்கள்ல நெறைய பேருக்கு இடுப்புத்தள தசை, அதாவது கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழ இருந்து தாங்குற தசை, எப்பவும் இறுக்கிப் பிடிச்ச மாதிரியே ஆயிடும். 1948ல கெகல்ங்கிற அமெரிக்க டாக்டர் எழுதின இறுக்குற பயிற்சி பிரசவத்துக்கப்புறம் சிறுநீர் கசியிறவங்களுக்கு. யூட்யூப் பாத்து இவங்களும் அதையே செஞ்சா வலி கூடலாம். இவங்களுக்கு வேண்டியது நேர் எதிர், விடுறதுக்குப் பழகணும். அதுக்குத்தான் பேர் கேக்கறேன்.

> தளர்வுப் பயிற்சின்னே போடுங்க, எல்லாருக்கும் புரியும்.

அண்ணா, வேற மாதிரி புரியுது. போன வாரம் ஒரு பொண்ணு, பாயில மல்லாந்து முழங்கால மடக்கிப் படுத்திருக்கா, வயித்து மேல அவ கையையே வச்சு மூச்ச இழுக்கச் சொல்லி, "இப்போ கீழ தளர்த்தும்மா"ன்னேன். சட்டுனு கண்ணத் தொறந்து, "தளர்ந்தா கர்ப்பப்பை எறங்கிடாதா மேடம்?"னு கேட்டா. நரம்புத் தளர்ச்சி விளம்பரத்த சுவத்துக்கு சுவரு பாத்து வளந்தவங்க நாம, தளர்ச்சின்னாலே நோய்தான்.

> நெகிழ்வே நல்ல தமிழ். சங்கப் பாட்டில் தோள் நெகிழ்ந்ததை மறக்கலாமா?

மறக்கல ஐயா. ஆனா அங்க தோள் நெகிழ்றதும் வளை கழல்றதும் பிரிவுல உடம்பு மெலிஞ்சுதானே? ஏற்கெனவே துவண்டு வர்றவகிட்ட அந்தச் சொல்ல எப்படிக் குடுக்க? நெகிழ், ஞெகிழ், சிலம்பைக் குறிக்கிற ஞெகிழம்னு நீங்க எழுதினத ரெண்டு தரம் ஆசையா படிச்சேன், ஆனா இன்னிக்கு கடைத்தெருவுல நெகிழின்னா பிளாஸ்டிக்.

> இடுப்புத்தளம் எண்டு ஏன்? எங்கட பக்கம் கூபகம் எண்டுதான் சொல்லுறது.

கூபம்னா கிணறு, பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா இங்க யாருக்கும் பழக்கமில்ல தம்பி.

> இளகம் என்றால் சித்த மருத்துவத்தில் லேகியம். குழப்பம் வரும்.

வேர் ஒண்ணுதான் டாக்டர், ஆனா நான் சொல்றது இளக்கம். கையேட்டுல வெந்நீர்ப்பை ஒத்தடத்துக்கு அடுத்த பக்கம்தான் இந்தப் பயிற்சி வருது, சூட்டுல இளகுறதுன்னு படிச்சா பொருந்தும். அதோட இது நான் கண்டுபிடிச்சதில்ல. அதே பொண்ணு நாலஞ்சு மூச்சுக்கப்புறம், "ஓ, பாவாட நாடாவ இளக்கி விடுற மாதிரியா?"ன்னா. சொல்லும்போதே புருவ முடிச்சு அவுந்துது, கடிச்சிருந்த தாடை விட்டுது. பயிற்சியால எண்டோமெட்ரியோசிஸ் கட்டி கரையாது, அத கையேட்டுலயே எழுதிட்டேன், ஆனா அந்த நிமிஷம் அவளுக்குக் கிடைச்சுது.

இதுவரைக்கும் இளக்கத்துக்கு அஞ்சு பேர், நெகிழ்வுக்கு ரெண்டு, தளர்வுக்கு ஒண்ணு. நாளை ராத்திரிக்குள்ள வேற யாரும் எழுதலன்னா "இளக்கப் பயிற்சி"ன்னு அனுப்பிடுவேன்.

> அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் இளக்கத்தில் திடம் குறைவதும் இருக்கிறது. இரண்டாம் பதிப்புக்கு நெகிழ்வை மீண்டும் கேட்பேன்.