"அந்த ஆளுக்கா வக்காலத்து போட்டீங்க?" ஊரே வெறுக்கிற ஆளுக்காக ஆஜராகும் வக்கீலிடம் கேட்கப்படும் கேள்வி இது. ஒரு வக்கீல், ஒரு வக்கீலின் பிள்ளை, ஒரு குமாஸ்தா என்று மூன்று பேர் இதற்குப் பதில் சொல்கிறார்கள்.

நான் ஜூனியர் வக்கீலாக இருந்த அலுவலகத்துக்கு ஒரு முன்னாள் அமைச்சரின் ஊழல் வழக்கு வந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் அதற்குள் தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார்கள். அவருடைய அரசியல் எனக்கு அறவே பிடிக்காது, சீனியருக்கும்தான். "ஏன் சார் எடுக்கிறீங்க?" என்று கேட்டேவிட்டேன். "முதல்ல வழக்குக் கட்டைப் படி, அப்புறம் பேசலாம்" என்றார்.

படித்தேன். உதவியாளரைக் கைது செய்து, அவர் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துத்தான் ஆவணங்களைக் கைப்பற்றினோம் என்றது குற்றப்பத்திரிகை. கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் நேரம் மாலை நாலரை மணி. கைதுக் குறிப்பில் ஆறு மணி. பிடிபடாத ஆள் எப்படி வாக்குமூலம் கொடுத்தார்? சீனியர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "அமைச்சருக்கே இப்படி எழுதுறாங்கன்னா, கேட்க நாதியில்லாதவனுக்கு என்னவெல்லாம் எழுதுவாங்க?" என்றார். அந்த முன்னாள் அமைச்சர் நல்லவர் என்று சீனியர் ஒருநாளும் சொன்னதில்லை. தப்பு செய்திருந்தால் அதை அரசுத் தரப்பு ஒழுங்காக நிரூபிக்கட்டும் என்பதுதான் சீனியரின் வாதம்.

பணமும் பெயரும் ஒரு காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய வழக்கில் ஒரு நாள் வாதாடினால் பத்து வருடம் பேசப்படும். ஆனால் அது மட்டுமே என்றால் 1908-ல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் விடுதலைப் போராளி அரவிந்தருக்காக வக்கீல் சி.ஆர். தாஸ் ஏன் நிற்க வேண்டும்? மறு வருடம் அரவிந்தர் விடுதலையானார். 1945-ல் செங்கோட்டையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) அதிகாரிகளுக்காக வாதாடினார் வக்கீல் புலாபாய் தேசாய். ராணுவ நீதிமன்றம் ஆயுளுக்கும் நாடுகடத்தச் சொன்னது, ஆனாலும் அந்தத் தண்டனையை அரசே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இன்று நாம் தியாகி என்கிறவர்கள் அன்றைய அரசுக்கு வெறும் குற்றவாளிகள்தான்.

விதியும் இதையே சொல்கிறது. தன் தகுதிக்கேற்ற கட்டணம் கிடைத்தால், தான் வழக்கமாகத் தொழில் செய்யும் நீதிமன்றத்தில் வரும் வழக்கை வக்கீல் ஏற்க வேண்டும், விசேஷ சூழ்நிலை இருந்தால்தான் மறுக்கலாம் என்பது, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி. கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம் ஒருமுறை, குறிப்பிட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் எதுவுமே செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

* * *

என் அப்பா வக்கீல். ஊரே கொதித்துப்போயிருந்த ஓர் அரசியல் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜரானார். சொந்தக்காரர் கல்யாணத்தில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் என்னையும் ஒதுக்கினார்கள். அப்பா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "நான் போகலேன்னா வேற யாரு போவா?" என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை. வேறு யாரும் முன்வரவில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

* * *

பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எங்கள் வக்கீல் ஐயா ஆளுங்கட்சிக்கு வேண்டாத ஒருவருக்கு ஜாமீன் வாங்கித் தந்தார் என்று அலுவலக வாசலில் கூட்டமாக நின்று கோஷம் போட்டார்கள். போர்டை உடைத்தார்கள். ஆட்சி மாறியது. கோஷம் போட்டவர்களில் ஒருவரே தன் அண்ணன் வழக்குக் கட்டோடு வந்து நின்றார். எனக்கு அவரை உள்ளே விடவே மனசில்லை. ஐயா உட்காரச் சொல்லி, முதல் தகவல் அறிக்கையை வாங்கி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.